அத்தாவுக்கு எழுதிய நன்றி

மாதிரித் தேர்வில் இயற்பியலில் மண்ணைக் கவ்வியதிலிருந்து நூர்சாதா புத்தகத்தைத் தொடவில்லை. பொறியியல் கனவை மூட்டை கட்டிவிட்டாள். பொதுத்தேர்வுக்குப் பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவள் கொடுப்பதாக இல்லை.

பிள்ளைகள் முகம் வாடினால் கலீமா டீச்சருக்குப் பொறுக்காது. "உங்களுக்கு நல்லது செஞ்ச ஒருத்தருக்கு நன்றி எழுதுங்க. எழுதினத அவங்க கையில சேர்க்கவும் செய்யணும்" என்றார்.

நூர்சாதா வேண்டாவெறுப்பாகத்தான் பேனாவை எடுத்தாள். அவளுடைய அத்தா எசென் ஆடு மேய்ப்பவர். குளிர்காலக் காலைகளில் இடுப்பளவுப் பனியைக் குதிரையால் உடைத்துக்கொண்டு முன்னே போவார். அந்தத் தடத்தில்தான் அவள் பள்ளிப் பேருந்துக்கு நடப்பாள். அதை எழுத எழுத அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. இத்தனை பனியை உடைத்தவருக்கு, ஒரு பரீட்சைக்குப் பயந்தவளா மகள்? கடிதத்தை அத்தா தங்கியிருந்த ஆட்டுக் கிடைப் பக்கம் போகும் லாரியில் கொடுத்தனுப்பிவிட்டு, அன்று மாலையே இயற்பியல் புத்தகத்தைத் திறந்தாள்.

மறுநாள் மத்தியானம் வகுப்புக் கதவு படாரென்று திறந்தது. ஆட்டு வாடை வீசும் தோல் கோட்டோடு எசென் மூச்சிரைக்க நின்றார். நாரின் என்ற அந்த மலைப்பகுதியில் ஒருவருக்கு மனசார நன்றி சொல்லித் தீர்ப்பது சாகக் கிடக்கும்போதுதான். குட்டி போடும் ஆடுகளைக்கூட விட்டுவிட்டுக் குதிரையை விரட்டி வந்திருந்தார் மனிதர்.

"என்ன நோவு புள்ள உனக்கு? அத்தாகிட்ட மறைக்காத."

"ஒண்ணுமில்லத்தா. டீச்சர் எழுதச் சொன்னாங்க, எழுதினேன்."

"பின்ன ஏன் கடைசி வார்த்த மாதிரி எழுதின? எனக்குப் பாதி உசிரு வழியிலயே போயிடுச்சு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "மாமா, குதிரைக்கும் ஒண்ணு எழுதச் சொல்லவா?" என்றான் பின்வரிசைக்காரன் ஒருவன்.

முன்பெல்லாம் அந்தக் கோட்டைக் கண்டாலே நூர்சாதாவுக்குக் கூச்சம். இன்று எழுந்துபோய் அதை ஒட்டி நின்றாள். "இவர்தான் எங்கத்தா" என்றாள் வகுப்பைப் பார்த்து. பெருமையில் அவள் குரல் கொஞ்சம் உரத்தே வந்தது. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "பரீட்சைக்குப் பேர் கொடுத்துட்டேன்த்தா. இன்னிக்குக் காலையிலதான்."

எசென் கடிதத்தை மடித்துத் தொப்பிக்குள் செருகிக்கொண்டார். மகளை வாழ்த்தித் துஆ கேட்க இரு உள்ளங்கைகளையும் விரித்தார். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் டீச்சரும் தாமாகவே கைகளை விரித்தார்கள்.

"இனிமே பனிய நீ உடைச்சுக்கிட்டுப் போ, புள்ள. உன் தடத்துல நான் வர்றேன்."

"ஆமீன்" என்று வகுப்பே முகத்தைத் தடவிக்கொண்டது.