யஹ்யா ஸ்டோர்ஸின் விலாசம்

நீங்கள் சேலை எடுக்கும் கடைக்கு உண்மையான முதலாளி யார் என்று என்றைக்காவது விசாரித்திருக்கிறீர்களா? நான் விசாரிக்கவில்லை. போர்டைப் பார்த்து எழுதிவிட்டேன்.

தொண்ணூற்றேழாம் வருடம். திருநெல்வேலி டவுணில் தில்லைநாயகம் அண்ணாச்சியின் மொத்தச் சேலைக் கடையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. நான் வேலூர்க்காரன். புத்தகத்தைப் பார்த்து நானாகப் புரோகிராம் எழுதப் பழகியவன். அண்ணாச்சியிடம் சரக்கு எடுக்கும் கடைகள், அந்தக் கடைகளின் ஆட்கள், எந்த ஆளுக்கும் எந்தக் கடைக்கும் என்ன உறவு, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். புதுச் சரக்கு வந்தால் யார் பெயருக்குக் கடிதம் போக வேண்டும் என்று அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஒரு கடையைக் கேட்டால் அண்ணாச்சி கடைக்காரரின் மாமியார், சகலை வரைக்கும் போய்விடுவார். நான் ஒருவரையும் விடாமல் அடித்தேன். லாட்ஜுக்குப் போனால் பேச ஆளில்லை. பெயர் பெயராக அடித்துக்கொண்டிருந்தால் நாலு பேரோடு பழகுகிற மாதிரி இருக்கும்.

காயல்பட்டினம் யஹ்யா ஸ்டோர்ஸுக்கு முதலாளி யஹ்யா என்று போட்டேன். அவர் துபாயில் இருந்ததால் அவருடைய வாப்பா வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். கடையைப் பார்த்துக்கொள்ளும் மைத்துனர் தாஜ் முகம்மது, மேனேஜர். யஹ்யாவின் மாமியார், சித்தி ஜனாபா என்று பெயர், அவரையும் அண்ணாச்சி சொன்னார். கடைக்கு அவர் என்ன உறவு? மாமியார் என்றே அடித்தேன்.

நோன்புப் பெருநாளுக்கு முன்னால் புதுச் சேலைக் கடிதம் யஹ்யாவின் வாப்பா வீட்டுக்குப் போனது. அவர்கள் அதைச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது, உங்கள் கடைச் சேதி எங்களுக்குத்தான் முதலில் வருகிறது என்று ஒரு வார்த்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். இனிமேல் தில்லைநாயகம் கடைச் சரக்கே வேண்டாம் என்றுவிட்டார் சித்தி ஜனாபா. சேலை பொறுக்குவதும் விலை முடிப்பதும் அவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"காயல் கடை நாளைக்குள்ள திரும்ப வரணும்," என்றார் அண்ணாச்சி. "இல்லேன்னா உம்ம பெட்டியத் தூக்கிக்கிட்டு வேலூருக்குப் போயிரும்வே."

அப்போதே பஸ் ஏறினேன். காயல்பட்டினத்தில் சித்தி ஜனாபாவின் வீட்டு முன்னறையில் தாஜ் முகம்மது உட்கார வைத்து டீ கொடுத்தார். உள் வாசலில் திரை தொங்கியது. அதற்கு அப்பாலிருந்து சித்தி ஜனாபாவின் குரல் மட்டும் வந்தது.

"எங்க மருமவன அவுக வாப்பா வீட்டுல கொண்டு வெச்சது யாரு?"

நான்தான் என்றேன். தகப்பன் வீடுதானே மகனுக்கு விலாசம் என்று நினைத்ததைச் சொன்னேன். தாஜ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இந்த ஊரில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார், வீடும் பெண்ணுக்குத்தான் என்று விளக்கினார்.

"பத்து வருசமா இந்த வீட்டுல இருக்குற புள்ளய ஒரு கடுதாசில திருப்பி அனுப்பிட்டியே வாப்பா," என்றது குரல். "சரி, உன் கம்ப்யூட்டர்ல நான் யாரு?"

"மாமியார்."

"யாருக்கு?"

எனக்குச் சமாளிக்கத் தெரியவில்லை. "கடைக்கு," என்றேன்.

தாஜுக்கு டீ புரையேறியது. திரைக்குப் பின்னால் இன்னொரு பெண், அவருடைய மகள், யஹ்யாவின் மனைவி முஃபீதாவாக இருக்கும், சிரித்து அடங்கினாள். உங்களையே முதலாளி என்று மாற்றிவிடுகிறேன் என்று அவசரமாகச் சொன்னேன். அதற்குச் சித்தி ஜனாபா ஒப்பவில்லை. போர்டில் இருப்பது மருமகன் பெயர், அது அவருக்கு மரியாதை, அதில் கை வைக்கக் கூடாது என்றார்.

"நான் கடைக்கு மாமியாராவே இருந்துட்டுப் போறேன். ஆனா மாமியாருக்குத் தெரியாம முதலாளிக்குக் கடுதாசி போகக் கூடாது."

சாயங்காலம் திரும்பி வந்து புரோகிராமில் வரிசையை மாற்றினேன். கடிதம் முதலில் மாமியாருக்கு. மாமியார் இல்லாத கடைக்கு மட்டும் முதலாளிக்கு. ஒரு கடைக்கு மட்டும் தனியாக மாற்ற எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை தாஜ் முகம்மது வந்து ஆறு கட்டுச் சேலை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு வேலை போகவில்லை. அண்ணாச்சி படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு நாற்பது கடிதங்களைத் தபாலுக்கு அனுப்பினார். அதில் பதினொன்று மாமியார்கள் பெயருக்குப் போயின.