வயசு சைபர்

1.
உண்மைய சொல்லிடறேன். இந்தக் கதை ஒரு ஆபீஸ் ஃபார்ம்ல இருந்து வந்தது. "இவரை வேலைக்கு எடுக்கலாமா?"ன்னு ஒரு கேள்வி, பக்கத்துல ஒரு கட்டம். அஞ்சு மணிக்குள்ள நான் டிக்கோ கிராஸோ போடணும். இப்ப மணி நாலு பத்து. அத விட்டுட்டு இத எழுதிட்டிருக்கேன்.

2.
முதல் வரி: "அவள் கண்களில் ஆயிரம் கனவு..." (ச்சே, வேணாம்.)

இன்டர்வியூக்கு வந்த அந்தம்மா பதினாலு வருஷம் நர்ஸ். முதுகு போயிடுச்சு, வார்டுல நிக்க முடியல. பூட்கேம்ப்னு சொல்றாங்களே, நாலு மாச கோடிங் கோர்ஸ், அத முடிச்சுட்டு வந்திருக்காங்க.

"இது பதினோராவது இன்டர்வியூ சார். எல்லா எடத்துலயும் டீ மட்டும் நல்லா குடுக்கறாங்க."

3.
மேனேஜர் சொன்னாரு: "நாலு மாசத்துல என்னய்யா வரும்? எனக்குக் கார் ரிவர்ஸ் எடுக்கவே வரல."

நானும் சிரிச்சேன். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஒரு ப்ரோக்ராம் ஏன் மெதுவா ஓடுதுன்னு கேட்டதுக்கு அந்தம்மா முழிச்சாங்க. [இந்த வரிய வெட்டிடலாமா? இருக்கட்டும். நடந்தது அதான்.]

4.
டெஸ்ட் இதுதான்: ஆஸ்பத்திரி ஃபார்ம்ல வயசு போடாம விட்டா திருப்பி அனுப்பணும். அதுக்குக் கோட் எழுதணும். அவங்க எழுதினது தப்புன்னு, பதில் திருத்தற மெஷின் ஃபெயில் போட்டுடுச்சு.

"ஏம்மா, வயசு சைபர்னு போட்டா உங்க கோட் உள்ள விட்டுடுதே?"

"பொறந்த குழந்தைக்கு வயசு சைபர்தானே சார்? வெளிய நிக்க வெப்பீங்களா?"

கேள்வி நான் தயார் பண்ணது. மெஷின்கிட்ட இருக்கற 'சரியான' பதிலும் நான் எழுதினது. அதுல சைபர் போட்டாலும் காலியா விட்டாலும் எனக்கு ஒண்ணுதான், திருப்பி அனுப்பிடும். ஏழு வருஷமா டிகிரிக்காரங்க அத்தன பேரும் என்ன மாதிரியே எழுதி பாஸ் ஆனாங்க.

(இத இன்னும் மேனேஜர்கிட்ட சொல்லல. ஏன்னா)

5.
முடிவு ஒண்ணு: டிக். ஃபெயில் ஆனவங்களுக்கு டிக் போட்டா, ஏன்னு மேனேஜர்கிட்ட நேர்ல போய்ச் சொல்லணும். ஏழு வருஷத் தப்பையும் சேர்த்து.

முடிவு ரெண்டு: கிராஸ். பன்னெண்டாவது எடத்துலயும் டீ நல்லா இருக்கட்டும்.

முடிவு மூணு: உங்ககிட்டயே விட்டுடறேன், நீங்களே சொல்லுங்க. இப்படி முடிச்சா கௌரவமா இருக்கும்னுதான் நெனச்சேன்.

ஆனா அந்த ஃபார்மோட சாஃப்ட்வேரும் நான் எழுதினதுதான். கட்டம் காலியா இருந்தா, அஞ்சு மணிக்கு அதுவா கிராஸ்னு எடுத்துக்கும்.

மணி நாலு அம்பத்தாறு. கொஞ்சம் இருங்க, மேனேஜர் ரூம் கதவு தொறந்துதான் இருக்கு, நான் போய்