அம்மா சொன்ன பெயர்கள்

அம்மா மூன்றாவது பெயரைச் சொன்னதும் மகள் தையல் மெஷினை வேகமாக மிதித்தாள். கட்டிலிலிருந்து, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலருக்குப் பத்தடிதான். கதவைச் சாத்தக் கூடாது என்பது உத்தரவு. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இந்த வீட்டில் அதற்கு மீசையும் தொப்பியும்கூட இருந்தன.

அந்நிய ஆட்சியை விரட்டச் செய்தி சுமந்தவள் அம்மா. தாளில் ஓர் எழுத்து வைத்துக்கொள்ள மாட்டாள். யார், எந்தத் தெரு, எந்த வீடு, எல்லாம் மனப்பாடம். தினமும் விடிந்ததும் மனசுக்குள் வரிசையாக ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள். சிறையில் இரண்டு நகங்களைப் பிடுங்கியும் ஒரு பெயரை வாங்க முடியவில்லை. இனிப் பிழைக்க மாட்டாள் என்று முந்தாநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சலில் நினைவு தப்பியதும் அந்த வரிசை வாய்வழியே வர ஆரம்பித்துவிட்டது. பால்காரர், பள்ளிக்கூட டீச்சர், எதிர்வீட்டு மாமா என்று எல்லாரும் பெயரும் தெருவுமாக வந்தார்கள்.

அம்மாவின் வாயைப் பொத்திவிடலாமா என்றுகூட மகள் நினைத்தாள். இருக்கிற மூச்சும் போய்விடும் என்று நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

காவலர் எட்டிப் பார்த்தார்.

"பெத்தவ உசுரு ஊசலாடுது. இப்பத் தையல் கேக்குதாம்மா?"

"நாளைக்குக் குடுக்கணுங்க."

கல்நெஞ்சுக்காரி என்று முணுமுணுத்தபடி அவர் திரும்பிப் போனார். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று அவள் மிதித்தாள்.

மதியம் சாயும்போது அம்மா கண்ணைத் திறந்தாள். மகளையே பார்த்தாள். உதடு அசைந்தது. தெளிந்துதான் கூப்பிடுகிறாளா, இல்லை அடுத்த பெயரா? மிதிக்கும் காலை நிறுத்த மகளுக்குத் தைரியம் வரவில்லை. உதடு இன்னொரு முறை அசைந்து, அப்படியே நின்றது.

அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் மெஷின் ஓடியது.

காவலர் வந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். மேலிடத்துக்கு எழுத வேண்டுமாம். கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்.

"எனக்குக் கேக்கலைங்க."

அன்று அவள் அவரிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அவர் மெஷினிலிருந்த துணியை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஊசித் துளைகள். ஓர் இடத்திலும் நூல் இல்லை. அவர் அவளைப் பார்த்தார். துணியைக் கீழே வைக்கவில்லை.