ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பங்கர்

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மதியச் சாப்பாட்டின்போது, றொனால்ட் தன் தாய் புஷ்பமலரிடம் ஒன்று கேட்டான். ஓகஸ்டில் நடக்கவிருக்கும் பழைய போர் விமானங்களின் கண்காட்சியில் அவன் பறக்கப்போகிறான். அதை அவர் பார்க்க வேண்டும்.

றொனால்ட் ஹம்பேர்க்கில் விமானம் திருத்தும் வேலை செய்பவன். வார இறுதிகளிலும் அதே வேலையைத்தான் செய்தான், சம்பளமில்லாமல். நகருக்கு வெளியே ஒரு புல் ஓடுதளத்தில், ஓய்வுபெற்ற சில மனிதர்களுடன் சேர்ந்து, எண்பது வயதான மஞ்சள் நிறப் பயிற்சி விமானம் ஒன்றைக் கழற்றிப் பூட்டுவான். நாலு வருடமாக அதன் வயிற்றுக்குள் படுத்துக் கிடந்தவனுக்கு, இந்த முறை பின்னிருக்கையைத் தருவதாக விமானக் கழகம் சொல்லியிருந்தது.

புஷ்பமலர் மீன் முள்ளை எடுத்தபடி, “நல்லது ராசா. கவனமாப் போயிட்டு வா” என்றார்.

“பாக்க வாங்கோ எண்டெல்லோ கேக்கிறன்.”

“அது ஏலாது.”

ஏன் ஏலாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துக் குருநகரில் பள்ளிக்கூடம் போன காலத்தில், பதுங்கு குழி வாசலிலிருந்து, குண்டு போட வந்த பொம்மர்களைப் பார்த்தவர். அதற்குப் பிறகு வானத்தில் போகும் எந்த விமானத்தையும் அவர் ஏறிட்டுப் பார்த்ததில்லை. முப்பது வருடமாக ஹம்பேர்க்கில் இருக்கிறார். இரைச்சல் கேட்டால் பஸ் தரிப்பிடத்தின் கூரைக்குக் கீழே ஒதுங்குவார். தரிப்பிடம் கண்ணாடிக் கூரை என்றால் பக்கத்து வெதுப்பகத்துக்குள் போய் ஒரு பாண் வாங்குவார். வீட்டில் பாண் மிஞ்சிக் கிடக்கும் நாட்களில், இன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது, விமானங்கள் எந்தப் பக்கமாக இறங்கின என்று மகள் அஞ்சலா சரியாகச் சொல்லிவிடுவாள்.

ஆனால் விமானத்தில் ஏறுவதற்கு அவருக்குத் துளியும் பயமில்லை. சென்னைக்கும் ரொறன்ரோவுக்கும் யன்னலோர இருக்கை கேட்டு வாங்கிப் போய்வந்தவர்.

“உள்ளுக்கை இருந்தா என்ன பயம்? குண்டு கீழைதானே விழும்” என்பார்.



“நீங்கள் ஓடுதளத்துக்கு வரத் தேவையில்லை அம்மா,” றொனால்ட் விடவில்லை. “எங்கடை தோட்டத்துக்கு மேலாலைதான் பிளேன் திரும்பும். அங்கை நிண்டு நிமிந்து பாத்தாப் போதும்.”

“அம்மா கத்தரிச் செடிக்குக் கீழை தலையை வைச்சுக்கொண்டு நிப்பா” என்றாள் அஞ்சலா.

“நீ வாயை மூடு. உனக்கென்ன தெரியும்?” புஷ்பமலர் மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கினார். “நான் பிளேன் பாத்ததெல்லாம் பங்கர் வாசலிலை இருந்துதான். பங்கர் இருந்தாப் பாக்கிறன். இல்லாட்டி ஏலாது.”

பேச்சை முடித்து வைக்கத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் மேசையின் மறுபக்கத்தில் அவருடைய கணவர் அலோசியஸ் சோற்றுக் கையோடு நிமிர்ந்தார்.

“எத்தினை பேருக்கு?” என்று கேட்டார்.

அந்த வீட்டில் விமானக் கண்காட்சியை எல்லோரையும் விட ஆவலாக எதிர்பார்த்தவர் அலோசியஸ்தான். துறைமுகத்தில் கோப்பிக் களஞ்சியம் ஒன்றில் வேலை. மகன் பறக்கப்போகிறான் என்று தெரிந்த அன்றே ஒரு தொலைநோக்கி வாங்கினார். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே பூசைக்குப் போனார். S-Bahn ரயிலில் அதன் வழியாக அடுத்த தரிப்பிடத்தின் பெயரை வாசித்தார். மனைவி பார்க்காவிட்டால் அந்தச் சந்தோசத்தில் பாதி போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால், அடுத்த சனிக்கிழமை, மண்வெட்டியோடு தோட்டத்துக்குப் போனார்.

தோட்டம் என்பது ஹம்பேர்க்கின் கிழக்கு ஓரத்தில், நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகளாகப் பிரித்து வாடகைக்கு விட்ட நிலத்தில் ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டிலும் ஒரு சின்னக் குடில், ஒரு அப்பிள் மரம், இடுப்பளவு வேலி. எல்லாவற்றையும் ஒரு சங்கம் பார்த்துக்கொள்ளும். வேலி எவ்வளவு உயரம், எந்த மரம் வைக்கலாம், எந்த நேரம் சத்தம் போடலாம் என்பதெல்லாம் சங்கத்தின் விதிகளில் இருக்கிறது.

உதவிக்கு வந்த நண்பர் அன்ரன் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். தான் பங்கர்களுக்குள் கிடந்த காலத்தைக் கூட்டினால் ஒரு வருடம் வரும் என்றும், ஆகவே வெட்டத் தேவையில்லை, சொன்னாலே போதும் என்றும் அவர் கருதினார்.

“அண்ணை, நேரா வெட்டாதேங்கோ. எல் எழுத்து மாதிரித் திருப்புங்கோ. நேரா வெட்டினா இந்தப் பக்கத்தாலை வாற துவக்குச் சன்னம் அந்தப் பக்கம் வரைக்கும் போகும்.”

“ஆரடாப்பா ஹம்பேர்க்கிலை சன்னம் அடிக்கிறது?”

“பங்கர் எண்டா பங்கர் மாதிரி இருக்கோணும். நீங்கள் மன்னாரிலை வெட்டினது பங்கரே? நாய் படுக்கிற கிடங்கு.”

“எங்கடை மன்னார் மணலிலை நீ ஒரு பங்கர் வெட்டிக் காட்டடா பாப்பம். இஞ்சாலை வெட்ட அங்காலை மூடும்.”

“பேசாம வெட்டுங்கோ ரெண்டு பேரும்” என்றார் புஷ்பமலர். அவர் வாசல் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று குச்சியால் கோடு கீறிக்கொண்டிருந்தார். விளையாட்டாகத் தொடங்கிய வேலையில் அவரும் இறங்கிவிட்டார். வாசல் கிழக்கே இருந்தால்தான் விமானம் திரும்புவது தெரியும் என்று மகனிடம் கேட்டு வைத்திருந்தார்.

முழங்காலளவு வெட்டியதும் தண்ணீர் வந்தது. ஹம்பேர்க் அப்படிப்பட்ட ஊர். மூவரும் எல் வடிவக் குளம் ஒன்றைச் சுற்றி நின்றார்கள். மறுநாள் காலை, பக்கத்துத் துண்டுக்காரரான கிளாசன், ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற நெட்டை மனிதர், ஒரு வாளியோடு வேலியோரம் வந்தார். வாளிக்குள் ஆறு தங்கமீன்கள் இருந்தன. புதிய குளத்துக்குத் தன் வாழ்த்துகள் என்றார். கொண்டுவந்த பொருளைத் திருப்பி அனுப்புவது புஷ்பமலருக்குத் தெரியாத காரியம். மீன்கள் மழைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் போயின. கிடங்கு பாதி மூடப்பட்டது.

கீழே போக முடியாவிட்டால் மேலே போக வேண்டியதுதான். அலோசியஸ் களஞ்சியத்தில் கேட்டு, கிழிந்த கோப்பிச் சாக்குகளைக் கொண்டுவந்தார். அவற்றில் மண் நிரப்பி, அதே எல் வடிவில் நெஞ்சளவுக்கு அடுக்கினார்கள். ஊரில் போடும் பனங்குற்றிக்குப் பதிலாக, களஞ்சியத்தில் மூட்டை அடுக்கும் மரத் தட்டுகளைக் கூரையாகப் போட்டு, அதன்மேல் ஒரு முழம் மண் கொட்டினார்கள். உள்ளேயும் வெளியேயும் சாக்குகளில் பிரேசில், எதியோப்பியா என்று பெயர்கள் தெரிந்தன.

இப்படி ஒன்று எழும்பும்போது தோட்டக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பாதையில் போனவர்கள் எல்லோரும் வேலியோரம் நின்றார்கள். புஷ்பமலர் தன் ஜேர்மன் மொழியில் எல்லோருக்கும் ஒரே விளக்கம் கொடுத்தார்: இது பங்கர், ஓகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை மகன் பறக்கிறான், நான் இதற்குள் இருந்து பார்ப்பேன். பிறகு, பேச்சை முடிக்கும்போது, “நீங்களும் கட்டாயம் வாங்கோ” என்று சேர்த்துக்கொண்டார்.

இந்த வசனம் அவருடைய ஊரில் வாசலில் நிற்கிறவரை வெறுங்கையோடு அனுப்பாமல் இருக்கச் சொல்வது. கேட்டவர், “ஓம் ஓம், பாப்பம்” என்று சொல்லிவிட்டுப் போவார். வரமாட்டார். இருவருக்கும் மனம் நிறைந்துவிடும். ஆனால் தோட்டக்காரர்கள் கைபேசியை எடுத்து, “எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்கள். அவர் மூன்று மணி என்றார்.

“அம்மா, அவை அதை ரெர்மின், நேரம் குறிச்ச சந்திப்பு எண்டு போட்டிட்டினம்” என்று அஞ்சலா எச்சரித்தாள். “மருந்தெடுக்கப் போற மாதிரி நேரத்துக்கு வந்து நிப்பினம்.”

“சும்மா ஒரு மரியாதைக்கு அவையும் எழுதினவை. ஆர் வரப்போகினம்?”

ஜூலை கடைசியில் சங்கத் தலைவி திருமதி லூடர்ஸ் அளவு நாடாவோடு வந்தார். அவர் அளந்துவிட்டுப் போனபின் துண்டைப் பறிகொடுத்தவர்களும் உண்டு என்பதால் அலோசியஸ் தொலைநோக்கியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். திருமதி லூடர்ஸ் பங்கரை மூன்று தடவை சுற்றினார். சங்க விதிகளில் பங்கர் பற்றி எதுவும் இல்லை என்றார். இது கட்டடமானால் உடைக்க வேண்டும். மண் நிரப்பி, சாப்பிடக்கூடிய பயிர் வைத்ததென்றால் அது உயர்த்திய பாத்தி.

“பாத்திதான்” என்றாள் அஞ்சலா உடனே.

“பாத்திக்கு ஏன் வாசல்?”

 புஷ்பமலர் முன்னே வந்து, “விமானம் வந்தால் நான் உள்ளே போக” என்றார்.

திருமதி லூடர்ஸ் அதை ஏற்கத்தக்க காரணமாக எடுத்துக்கொண்டார். கூரையில் பூசணி வைக்கும்படி சொன்னார். அவருடைய ஆட்சேபனை வேறு இடத்தில் இருந்தது. மத்தியானம் ஒரு மணி முதல் மூன்று மணிவரை சங்கத்தில் அமைதி நேரம். சாக்கு அடித்து நிரப்பிய சத்தம் அந்த நேரத்தில் கேட்டிருக்கிறது. கண்காட்சி விமானங்களும் அமைதி நேரத்தில் வரக்கூடாது என்று அவர் விமானக் கழகத்துக்கு ஏற்கனவே அறிவித்துவிட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானங்கள் ஆறும் மூன்று மணிக்குப் பிறகே இந்தத் தோட்டங்களுக்கு மேலாக வரும் என்று கழகம் உறுதியளித்திருந்தது.

போகும்போது புஷ்பமலர், “ஞாயிற்றுக்கிழமை நீங்களும் கட்டாயம் வாங்கோ” என்றார்.

கண்காட்சிக்கு முந்திய வியாழன் மாலை றொனால்ட் வந்து பங்கருக்குள் குனிந்து நுழைந்தான். வாசலோரம், தாய் இருக்கப்போகும் இடத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்தான். அங்கிருந்து ஒரு துண்டு வானம் தெரிந்தது.

“மற்ற ஆக்களின்ரை வீட்டுக்காரர் எல்லாம் ஓடுதளத்துக்கு வருகினம்” என்றான். “நீங்கள் இதுக்குள்ளை இருந்து பாத்தாலும் எனக்குப் போதும். கண்ணை மட்டும் மூடிப்போடாதேங்கோ அம்மா.”

“மூடமாட்டன். பங்கர் இருக்கெல்லோ.”

“சத்தம் பெரிசா இருக்கும்.”

“எனக்குச் சத்தம் பற்றி நீ சொல்லித் தாறியோ?” என்று புஷ்பமலர் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். 

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் திருமதி லூடர்ஸ் வந்தார். கையில் பிளம்ஸ் கேக் தட்டு, கக்கத்தில் உட்காருவதற்கு ஒரு சின்ன மெத்தை. அவருக்குப் பின்னால் கிளாசனும் மனைவியும். அவர்களுக்குப் பின்னால், பாதை வளைவுவரை, மெத்தைகளோடும் கேக்குகளோடும் ஒரு வரிசை. வேலியோரம் நின்று அழைக்கப்பட்டவர்களில் ஒருவர்கூடத் தவறவில்லை.

அழைப்பு பங்கருக்கு. ஆகவே அவர்கள் பங்கருக்குள் போனார்கள். ஆறு பேருக்குக் கட்டிய இடத்தில் பதினாலு பேர், தோளோடு தோள் ஒட்டி, மடியில் கேக் தட்டுகளை வைத்து அமர்ந்தார்கள். எப்படிக் குந்தியிருக்க வேண்டும், காதை எப்படிப் பொத்த வேண்டும் என்று காட்ட அலோசியஸ் உள்ளே போனார். பின்னால் வந்தவர்கள் தள்ள, எல் எழுத்தின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே திரும்புவதற்கும் இடமில்லை.

“இஞ்சாரப்பா, நான் வெளியிலை வரேலாமல் கிடக்கு” என்று சாக்குகளுக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

“அங்கையே இருங்கோ. ஆக்களை நெரிக்காதேங்கோ.” புஷ்பமலர் குடிலுக்குள் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்கு வெறும் கேக்கைக் கொடுத்து அனுப்ப முடியாது.

“அம்மா, விட்டிட்டு வாங்கோ, வரப்போறாங்கள்” என்று அஞ்சலா கத்தினாள்.

“இந்த ஒரு தாச்சி மட்டும்.”

தட்டோடு வெளியே வந்தபோது கிழக்கே இரைச்சல் தொடங்கியது. பெரிய பயணிகள் விமானங்களின் சீரான சத்தமல்ல. பழைய இயந்திரங்களின் கரகரப்பு, ஒன்றன்மேல் ஒன்றாக. புஷ்பமலர் ஓடினார். தட்டில் ஒரு ரோலும் விழாமல், இந்த உடம்பில் இன்னும் இருக்கிறது என்று அவரே அறியாத வேகத்தில், பங்கர் வாசலுக்கு வந்து குனிந்தார்.

வாசலோரத்தில், அவருடைய இடத்தில், திருமதி லூடர்ஸ் இருந்தார். அவருக்குப் பின்னால் முகங்கள். எல்லா முகங்களும் அவரைப் பார்த்துச் சிரித்தன.

“இடம் தரட்டுமா?” என்று திருமதி லூடர்ஸ் பாதி எழுந்தார்.

“இல்லை இல்லை, இருங்கோ! இருந்து சாப்பிடுங்கோ!”

சொன்னது வாய்தான். யோசித்துச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவரை எழும்பச் சொல்ல அந்த வாய்க்கு முடியாது. தட்டை வாசலுக்குள் நீட்டினார். கைகள் அதை வாங்கி உள்ளே கொண்டுபோயின. குனிந்த முதுகுக்கு மேலே இரைச்சல் வந்துவிட்டது. குடிலுக்குள் ஓட நேரமில்லை. கத்தரிச் செடிகள் காலடியில் இருந்தன. அஞ்சலா அவற்றுக்கு முன்னால் நின்று தாயின் தோளைப் பிடித்தாள்.

“அம்மா. கண்.”

புஷ்பமலர் நிமிர்ந்தார்.

முதலில் மூன்று, பச்சை. பிறகு வெள்ளி நிறத்தில் இரண்டு. அவர் உதடுகள் அசைந்தன. அருள் நிறைந்த மரியே என்று அஞ்சலாவுக்குக் கேட்டது. கடைசியில், தனியாக, மிகவும் தாழ்வாக, மஞ்சள் ஒன்று அப்பிள் மரங்களுக்கு மேலாக வந்து ஒரு சிறகைச் சாய்த்துத் திரும்பியது. சாய்ந்தபோது பின்னிருக்கை தெரிந்தது. இருக்கையில் ஒரு தோல் தொப்பி, அதற்குப் பக்கத்தில் வெளியே நீண்ட ஒரு கை.

“கையை உள்ளுக்கு எடடா!” என்று புஷ்பமலர் கத்தினார். “றொனால்ட்! கையை உள்ளுக்கை எடு எண்டுறன்! விசரா உனக்கு?”

கை இன்னும் பலமாக ஆடியது.

“பாத்தியே, சொன்னாக் கேக்கிறானே?”

மஞ்சள் விமானம் குறுகி மரங்களுக்கு அப்பால் போயிற்று. பங்கருக்குள்ளிருந்து அலோசியஸ் எல்லாம் சரியோ, பெடியன் வந்தவனோ என்று கூப்பிட்டார். தொலைநோக்கியால் பார்த்தும் எதியோப்பியாவைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை என்றார். திருமதி லூடர்ஸ் தலையை வெளியே நீட்டி, முடிந்துவிட்டதா, வெளியே வரலாமா என்று கேட்டார்.

கிழக்கே சத்தம் மறுபடி வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டாவது சுற்று.

“இல்லை இல்லை,” என்றார் புஷ்பமலர் ஜேர்மனில். “இன்னும் பத்திரமில்லை. உள்ளே இருங்கோ.”

பிறகு, மரக்கிளைகள் மறைக்காத இடம் தேடி, வேலிப் படலையைத் திறந்துகொண்டு நடுப்பாதைக்கு நடந்தார்.