மச்சம் வைத்த அட்டை

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் கூப்பிடுவார்கள், அது அவளுக்கும் தெரியும். பள்ளிக்கூடங்களுக்கு வட்டார வரலாற்று அட்டைகள் தயாரிக்கும் சின்னக் கம்பெனி அது. ஒரு பெட்டியில் அறுபத்துநாலு அட்டை. முன்பக்கம் படம், பின்பக்கம் எட்டு வரி, அடியில் பிள்ளைகளுக்கு இரண்டு கேள்வி. சந்தை எப்போது வந்தது, முதல் தபால் நிலையம் எந்தத் தெருவில் இருந்தது, பாலம் கட்ட எத்தனை வருடம் ஆனது என்று ஒரு ஊரைப் பற்றி எட்டு வரியில் என்னவெல்லாம் சொல்லலாமோ அவ்வளவும் இருக்கும். அதில் ஒரு வருடம் பிசகினாலும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கண்டுபிடிப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக எந்த ஆசிரியரும் தப்பு என்று ஒரு கடிதம் போட்டதில்லை. அந்தப் பெருமை அவள் நடையிலேயே தெரியும்.

அப்பேர்ப்பட்டவள் பெட்டிக்கு ஒரு பொய்யும் எழுதி வைத்தாள். அது முதலாளியின் ஏற்பாடு. அடுத்தவன் அட்டையைப் பார்த்து அப்படியே அச்சடித்து விற்கிற கம்பெனிகள் இருந்தன. சந்தை வந்த வருடம் யார் அட்டையில் போட்டாலும் அதே வருடம்தானே, திருடினான் என்று எப்படி நிரூபிப்பது? ஆகவே அறுபத்துநாலில் ஒன்றில், யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு சின்னக் கதையைக் கட்டிச் செருகிவிட வேண்டும். எவன் பெட்டியில் அந்தக் கதை வருகிறதோ அவன் திருடன்.

“பிள்ளை காணாமப் போனா அடையாளம் சொல்ல ஒரு மச்சம் வேணும்ல? அதுமாதிரிதாம்மா இது,” என்பார் முதலாளி.

அந்த அட்டைக்கு மச்சம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. எது மச்சம் என்பது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். படம் போடுகிறவருக்கும் தெரியாது, பக்கம் அமைக்கிற பெண்ணுக்கும் தெரியாது. இல்லாத ஒன்றைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டாமே என்று, அந்த அட்டையின் இரண்டு கேள்விகளும் பொய்யைத் தொடாதபடி அவள் பார்த்துக்கொள்வாள். மனசாட்சிக்கு அவ்வளவு போதும் என்று நினைத்திருந்தாள்.

இந்த வருட மச்சம் பழைய ஓடத்துறை. பாலம் வந்ததும் கைவிடப்பட்ட துறை. ஒரு வெள்ளத்தின்போது ஓடத்தின் கயிற்றை ஒரு பெண் பகல் முழுக்க விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், இருபது பேர் கரை சேர்ந்தார்கள், அவள் நினைவாகத் துறையில் ஒரு கல் நிற்கிறது என்று எழுதினாள். வழக்கமாக ஒரு மச்சத்துக்கு மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்வாள். இது கால் மணி நேரத்தில் வந்து விழுந்தது. முதலாளி படித்துவிட்டு, “பொய் சொல்றதுல தேறிட்டீங்க,” என்று சிரித்தார்.

படம் போட்டது அவளுடைய தம்பி. முன்பு எதிர்க் கம்பெனியில் இரண்டு வருடம் படம் வரைந்துகொண்டிருந்தவன். அவள்தான் முதலாளியிடம் பேசி இங்கே சேர்த்துவிட்டாள். அந்த ஒரு அட்டைக்கு மட்டும் அவன் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டான். அவள் பக்கத்தில் போனால் தாளைக் கவிழ்த்து வைத்தான். முடித்துக் கொடுத்தபோது உடனே நகராமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“நல்லா இருக்கு,” என்றாள்.

“அவ்வளவுதானா?” என்றான். அவளுக்கு நிற்க நேரமில்லை. அறுபத்துமூன்று உண்மைகள் பாக்கி இருந்தன.

பெட்டி இன்னும் அச்சகத்திலேயே கிடக்கும்போது எதிர்க் கம்பெனியின் புதுப் பெட்டி கடைக்கு வந்துவிட்டது. வழக்கம்போல ஒன்றை வாங்கிப் பிரித்தவள், நாற்பத்தொன்றாவது அட்டையில் அப்படியே நின்றுவிட்டாள். ஓடத்துறை. வெள்ளம். கயிறு பிடித்த பெண். கல்.

கடையில் வாங்கிப் பார்த்துத் திருடியிருந்தால் அது ஊர் உலகத்தில் நடக்கிற திருட்டு. இவர்களுடைய பெட்டி வெளியே வரவே இல்லையே. அப்படியானால் உள்ளேயிருந்து போயிருக்கிறது. இன்னும் மோசமான ஒன்று இருந்தது. தம்பி வரைந்த கல்லின் தலையில் குறுக்குச் சாய்வாக ஒரு தடம் இருந்தது, கயிறு உராய்ந்து தேய்ந்த தடம். அடியில் ஒரு இரும்பு வளையம். இரண்டையும் அவள் எழுதிக் கொடுக்கவில்லை, அவனாகப் போட்டது. எதிர்க் கம்பெனியின் படத்திலும் அதே சாய்வில் தடம், அதே இடத்தில் வளையம். எழுத்தைப் பார்த்து மட்டும் எவனும் அப்படி வரைந்திருக்க முடியாது. தம்பியின் படத்தையே பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதுபோல் இருந்தது.

சந்தேகம் வந்துவிட்டால் அதற்குத் தீனி போட ஆள் தேவையில்லை, தானே மேய்ந்துகொள்ளும். அவன் தாளைக் கவிழ்த்தது நினைவுக்கு வந்தது. முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது, அகப்பட்டுக்கொண்டோமா என்று பார்த்த பார்வையாகத் தெரிந்தது. போன மாதம் இரண்டு சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் எங்கோ போய்விட்டு வந்தான். பேருந்து நிறுத்தத்தில் எதிர்க் கம்பெனியின் விற்பனையாளரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை அவளே பார்த்திருக்கிறாள். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அந்தச் சிரிப்புக்குக்கூட அர்த்தம் இருந்தது.

மச்சத்தைப் பற்றி வாய் திறக்க முடியாது. சுற்றி வளைத்துத்தான் கேட்டாள்.

“போன மாசம் சனிக்கிழமை எங்க போயிருந்தே?”

“சும்மா, வெளியில.”

“செருப்பெல்லாம் சேறா இருந்துச்சே?”

“சேத்துல நடந்தா செருப்பு சேறாத்தான்க்கா இருக்கும். இதுக்கெல்லாமா பூதக்கண்ணாடி வைப்பே?”

“பழைய கம்பெனிக்காரங்களோட பேச்சுவார்த்தை எல்லாம் இருக்கு போல?”

“அந்த ஆளு நான் வர்ற பஸ்லதான் வர்றாரு. மூஞ்சியத் திருப்பிக்கவா சொல்றே?” என்று சிரித்தவன், அவள் சிரிக்காததைப் பார்த்து, “என்னக்கா ஆச்சு உனக்கு?” என்றான்.

ஒன்றுமில்லை என்றாள். மழுப்புகிறான் என்று மனதுக்குள் முடிவு கட்டினாள். பக்கம் அமைக்கிற பெண்ணையும் இரண்டு நாள் கவனித்தாள். அவள் பாவம், சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தவிர எதையும் வெளியே கொண்டுபோகாதவள்.

அந்த அட்டையை முதலாளியிடம் முதல் நாளே காட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமை அவர் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “யாருன்னு எனக்கு ஒரு யூகம் இருக்கு. ஆனா உங்க வீட்டு விஷயம். நீங்க வாயால சொன்னாத்தான் செய்வேன். இல்லேன்னா விட்டுடுறேன்.”

விட்டுவிடுகிறேன் என்று அவர் சொன்னதுதான் வினை. சொந்தத் தம்பி என்பதால் மூடி மறைத்தாள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்று அவளுக்குப் பட்டது. பதினோரு வருடத்துப் பெயர். யாருக்கும் தயவு காட்டாத கண் என்று பெயர். அந்தக் கண்ணை நினைத்துக்கொண்டே, “தம்பிதான் சார்,” என்றாள்.

திங்கட்கிழமை அவனை அனுப்பினார்கள். இனிமேல் படங்களை வெளியே கொடுத்து வாங்கிக்கொள்வதாகக் காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணத்தைச் சொன்னால் மச்சம் வெளியே தெரிந்துவிடுமே. அவன் தூரிகைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தான்.

“உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?”

“முதலாளி முடிவு பண்ணியிருக்காரு,” என்றாள், நிமிராமல்.

அடுத்த வாரம் எதிர்க் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்ப வக்கீல் ஒரு ஆதாரம் கேட்டார். துறையில் கல்லே இல்லை என்று காட்ட ஒரு போட்டோ வேண்டும். அவளையே எடுத்து வரச் சொன்னார் முதலாளி. அன்றைக்குத்தான் அந்த அட்டைக்காக முதல் முறையாக அவள் அந்த இடத்துக்குப் புறப்பட்டாள். மற்ற அறுபத்துமூன்று அட்டைகளுக்காகவும் தெருத் தெருவாக நடந்து, கல்வெட்டைத் தடவி, பதிவேட்டைப் புரட்டியிருக்கிறாள். பொய்யைச் சரிபார்க்க யார் போவார்கள்?

துறைக்குப் போகிற வழியை ஒரு மரக்கடை அடைத்துக்கொண்டிருந்தது. காவலாளி கதவைத் திறந்துவிட்டார்.

“கல்லைப் பாக்கவா வந்தீங்க?” என்றார் அவராகவே.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “எந்தக் கல்லு?”

“கயித்துக்காரம்மா கல்லு. கேக்க நாதியில்லாமக் கெடந்துச்சு, இந்த வருஷம் என்னவோ ஆளு மாத்தி ஆளு வர்றீங்க. முதல்ல ஏதோ அட்டைக் கம்பெனின்னு ரெண்டு பேரு வந்து போட்டோ எடுத்தாங்க. அதுக்கப்புறம் ஒரு தம்பி ரெண்டு சனிக்கிழமை வந்து, சேத்துல உக்காந்து வரைஞ்சிட்டுப் போனாரு.”

புதரை விலக்கிக்கொண்டு போனாள். இடுப்பளவுக் கல். தலையில் சாய்வாகத் தடம். அடியில் துருப்பிடித்த வளையம். அவள் கை தானாகப் போய் அந்தத் தடத்தில் விரலை வைத்தது. வைத்த பிறகுதான், இந்தத் தடத்தில் இதே விரலை முன்பும் வைத்திருக்கிறோம் என்று தெரிந்தது. ஓடம் வரும்வரை இங்கேதான் நிற்பார்கள். அக்கரைக்கு வேலைக்குப் போகும் அம்மா, கையைப் பிடித்தபடி தம்பி, புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவள். காத்திருக்கும் நேரத்துக்கு அம்மா அந்தக் கதையைச் சொல்வாள். கால் மணி நேரத்தில் வந்து விழுந்த பொய். அவள் கட்டியதே இல்லை அது. கேட்டது.

ஆற்றைப் பார்த்து நின்று அழுதாள். அம்மாவை நினைத்து வந்த அழுகை அல்ல. தன்னைப் பார்த்து வந்த வெட்கம். போட்டோ எடுக்கவில்லை. நேரே தம்பி வீட்டுக்குப் போனாள்.

அவன் கூடத்தில் உட்கார்ந்து ஏதோ கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தான். “வாக்கா,” என்றான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மச்சம் என்றால் என்ன, நாற்பத்தொன்றாவது அட்டையில் என்ன பார்த்தாள், காவலாளி என்ன சொன்னார், ஒன்றையும் விடவில்லை. அவன் தூரிகையைக் கீழே வைக்காமல் கேட்டான்.

“அப்ப, அது பொய்னு நெனச்சுத்தான் எழுதினியா?”

அவள் தலையசைத்தாள்.

“அதைப் படிச்சப்ப எனக்கு அம்மா குரலே கேட்டுச்சு. அம்மா சொன்னதை அக்கா மறக்கல, அட்டையில போட்டுட்டான்னு. அதான் நேர்ல போயி வரைஞ்சேன். படத்தைக் குடுத்துட்டு, நீ அம்மாவப் பத்தி ஏதாவது சொல்லுவேன்னு நின்னுட்டிருந்தேன்.”

“மறந்துட்டேன்டா,” என்றாள். “சத்தியமா மறந்துட்டேன். இப்பவே முதலாளிகிட்டப் போயிச் சொல்றேன். நாளைக்கே நீ வேலைக்கு வந்துடு.”

“அவருகிட்ட என் பேரைச் சொன்னது யாரு?”

முதலாளிக்கே சந்தேகம் என்று சொல்லியிருக்கலாம். அதில் பாதி உண்மையும் இருந்தது. அவனும் நம்பியிருப்பான், இதுவரை அவள் சொன்ன எதையும் அவன் நம்பாமல் இருந்ததில்லை.

“நான்தான்,” என்றாள்.

அவன் பலகையில் பாதியில் நின்றிருந்த எழுத்தை நிதானமாக எழுதி முடித்தான். தூரிகையைத் துணியில் துடைத்தான். பிறகு உள்ளே இருந்த மனைவியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“வந்தவங்களுக்குத் தண்ணி கொண்டாம்மா.”

அந்த வீட்டில் இத்தனை வருடமும் அவள் தானாக அடுப்படிக்குள் போய்த்தான் தண்ணீர் எடுத்துக் குடித்திருக்கிறாள்.