ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று

1

இந்தக் கதை எனக்கு வந்த இருமலில் தொடங்கியது. நாற்பத்திரண்டு வயதில் காய்ச்சலோடு படுத்திருந்தேன். அம்மா கட்டில் ஓரமாக உட்கார்ந்து என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா பாக்கறே?”

“வாயை மூடு. எண்ணிக்கிட்டிருக்கேன்.”

அவள் மூச்சு எண்ணக் கற்றுக்கொண்டபோது எனக்கு எட்டு மாதம். எனக்கு நினைவிருக்க வழியில்லை. இதில் அவள் சொன்னது பாதி, நான் இட்டுக்கட்டுவது பாதி.

2

முதல் தொடக்கம்: ‘அந்த ஓரறை வீட்டில் விறகுப் புகை ஒரு தாலாட்டைப் போல…’

வேண்டாம். புகை இன்றும் எனக்கு அம்மாவின் வாசனைதான். ஆனால் என் நெஞ்சைக் கெடுத்ததும் அதுதான். குளிர் புகாமலிருக்க ஜன்னலைச் சாக்கால் அடைத்துவிட்டு, அதே அறையில் அடுப்பெரித்தாள். குளிருக்குப் பயப்பட ஊரே சொல்லித் தந்திருந்தது. புகைக்குப் பயப்பட யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டாம் தொடக்கம்: மாதம் ஒருமுறை சைக்கிளில் வரும் நர்ஸம்மா வாசலிலேயே இருமினாள்.

“ஏம்மா, எனக்கே மூச்சு முட்டுது, பச்சப்புள்ள எப்படித் தாங்கும்? அடுப்பை வெளிய தூக்கு. சாக்கை உருவு. உனக்குச் சளின்னா மூக்கைத் துணியால கட்டிக்கிட்டுப் பால் குடு. தடுப்பூசியைத் தள்ளிப்போடாத.”

அன்றே அடுப்பு வெளியேறியது. (மழையில் தகரத்தடியில் குந்திச் சமைக்கும் ஒருத்தியை இங்கே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மிக அழகாக வந்துவிட்டது. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

போகும்போது நர்ஸம்மா இன்னொன்றும் சொன்னாள்: “புள்ள இருமினா, அழாம இருக்கும்போது ஒரு நிமிஷம் வயித்தைப் பாரு. மூச்சு ஐம்பதைத் தொட்டா உடனே தூக்கிட்டு வந்துடு.”

3

நான் இருமினேன். வெளியூர் வேலைக்குப் போன அப்பா விட்டுச்சென்ற கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவள் எண்ணினாள். வயிறு ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று. எழுபத்தாறு! வாய்க்கால் கரையில் இரண்டு மைல், செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா எண்ணியபோது முப்பத்தெட்டு.

“ஏறி இறங்கினா சேத்துத்தாம்மா ஒண்ணு!”

வரிசையில் நின்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் ‘ரெட்டைக்கணக்கு’. குழாயடியில் கேட்பார்கள்: “ஏய் ரெட்டைக்கணக்கு, தூக்கினா ஒரு குடம், இறக்கினா ஒரு குடமா?”

அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாளாம். இதை மட்டும் நான் நம்பவில்லை.

4

பத்து நாள் கழித்து, காலை ஏழு மணி. மறுபடி இருமல். இம்முறை சரியாக எண்ணினாள். அறுபது. திரும்ப எண்ணினாள். அறுபத்திரண்டு.

பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா எட்டிப் பார்த்தாள். “மறுபடியும் ரெட்டையாத்தான் எண்ணியிருப்பே. பாதியாக்கு, முப்பதுதான். அங்க போய் நின்னா சிரிப்பா சிரிப்பாங்கடி.”

அம்மா கையில் கடிகாரம். தொட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவே நின்றவள்…

இந்த வாக்கியத்தை ஒரு மாதமாக முடிக்க முடியவில்லை. ஒரு முடிவில் அவள் உடனே கிளம்புகிறாள். இன்னொன்றில் அக்காவின் கணக்கை நம்பி, மதியம் வரை காத்திருக்கிறாள். இரண்டிலும் நான் பிழைத்துக்கொள்கிறேன். ஒரு வாரம் ஊசி, அவ்வளவுதான். பிழைக்க வேண்டியவள் நான் இல்லை, அவள்தான்.

அம்மாவிடமே கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு எத்தனை மணிக்கும்மா கிளம்பினே?”

“இப்ப எதுக்கு? குத்துக்கல்லாட்டம் இருக்கேல்ல?”

“கதைக்கு வேணும்மா.”

மடித்த துண்டை உதறி மறுபடியும் மடித்தாள்.

“கதைதானே? அவளைக் கொஞ்சம் சீக்கிரமாவே கிளம்பச் சொல்லு.”

5

‘என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வாசலைத் தாண்டியபோது மணி ______.’

நான் எதை எழுதினாலும் அவளுக்கு அது தீர்ப்பாகிவிடும். நீங்கள் எழுதுங்கள். பென்சிலால் எழுதினால் போதும். ஏழு ஐந்தைத் தாண்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.