குறுக்குக் கோடு

பட்டறையில் வேலை செய்வது அக்கா, பேசுவது தம்பி. அப்பா போன பிறகு யாரும் எழுதி வைக்காமலே அமைந்துபோன பாகப்பிரிவினை இது.

அக்கா மரத்தைப் பிளப்பாள், சீவுவாள். பாதி முடிந்த வில்லைச் சுவர் முளையில் மாட்டிக் கயிற்றால் மெல்ல இழுத்து, மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றுபோல வளைகின்றனவா என்று தள்ளி நின்று பார்ப்பாள். விறைப்பாக நிற்கும் இடத்தில் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி மாட்டுவாள். தம்பி வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் "மரம் நம்மகிட்ட பேசும் சார்" என்பான்.

"உன் வாயைத் தாண்டி அது எப்படா பேசும்?" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். தம்பியும் சிரிப்பான். அவனுக்கு உறைக்காது.

முடியை உச்சியில் முடிந்து, மணிக்கட்டில் தோல்பட்டை கட்டியிருப்பான். அவன் சட்டையில் மரத்தூள் பட்டு யாரும் பார்த்ததில்லை. யாராவது படம் எடுக்க வந்தால் மட்டும் அக்காவின் மேடைக்கு வந்து அரத்தைக் கையில் எடுப்பான். அதையும் பிடி எது முனை எது என்று தெரியாதவன் மாதிரிப் பிடிப்பான். படம் பத்திரிகையில் வரும். அடியில் 'வில் கலைஞர்' என்று போட்டிருக்கும். படத்தின் ஓரத்தில் அக்காவின் முழங்கை தெரியும்.

இப்படிப்பட்டவனை நகர மன்றத்தில் பேசக் கூப்பிட்டார்கள். செய்தி வந்த நாள் முதல் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று கையை எப்படி விரிப்பது என்று பழகினான்.

"மேடையில காட்ட ஒரு வில் குடுக்கா."

"இருக்கிறதெல்லாம் அடுத்தவங்களுக்குச் செஞ்சது. வெறும் பேச்சுக்கு எதுக்குடா வில்லு? கையை வீசு, போதும்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே அக்கா சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பேசாமல் போகிற பிறவியா அவன்?

நிகழ்ச்சி அன்று அவன் கிளம்பிப் போன பிறகு, ஆப்பு செதுக்க ஒரு கழிவுத் துண்டு வேண்டுமென்று அக்கா பரண்மேல் கையை விட்டாள். அங்கே போட்டு வைத்திருந்த வில்லைக் காணவில்லை. நல்ல மரம்தான். ஆனால் கடைசித் தடவை முளையில் மாட்டியபோது, பிடிக்குச் சற்று மேலே, உள்வளைவில் கண்ணுக்குச் சட்டென்று படாத, விரலுக்கு மட்டும் தட்டுப்படும் மெல்லிய கோடுகள் குறுக்கே விழுந்துவிட்டன. மரம் நசுங்கத் தொடங்கியதற்கு அடையாளம் அது. அப்படிப்பட்ட வில் நாலு தடவை வளைந்து கொடுக்கும். ஐந்தாவது தடவை இழுக்கிறவன் முகத்திலேயே வெடிக்கும். அக்கா உடனே நாணைக் கழற்றி அதை ஒதுக்கிவிட்டாள்.

பரணுக்குக் கீழே எண்ணெய்க் கிண்ணமும் துணியும் கிடந்தன. அடுத்த கணம் அக்கா ஸ்கூட்டரில் இருந்தாள்.

மன்றத்தில் உட்கார இடமில்லை. மேடையில் தம்பி. அவன் கையில் எண்ணெய் பூசி, நாணேற்றி, புது மாப்பிள்ளை மாதிரி மினுங்கும் அதே வில்.

"இந்த மரத்துக்காக நான் பல வருஷம் காத்திருந்தேன். ஒவ்வொரு இழையா, என் விரலால அதோட மனசைக் கேட்டேன்…"

பக்கத்தில் ஒரு பல் டாக்டர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுச் சட்டைக்கையை மடித்துக்கொண்டிருந்தார். வில்லை இழுத்துப் பார்க்க யாராவது வாருங்கள் என்று கூப்பிட்டதும் ஆசையாக ஏறியிருக்கிறார். தம்பி அவர் கையில் வில்லைக் கொடுத்து, "கன்னம் வரைக்கும் இழுங்க டாக்டர். பயப்படாதீங்க" என்றான்.

அக்கா நடைபாதையில் ஓடினாள். மேடையேறி டாக்டர் கையிலிருந்த வில்லைப் பிடித்தாள்.

"குடுங்க."

"அக்கா," தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "என் மானத்தை வாங்காத. கீழ போ."

"உன் மானத்துக்கு இவர் கண்ணா விலை?"

அவள் வில்லைத் தரையை நோக்கிச் சாய்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாணை இழுத்தாள். கன்னம் வரை வரவில்லை. பாதி தூரத்திலேயே மேல்பாதி வெடித்துப் பறந்து பின்திரையில் மோதி விழுந்தது. ஒரு மரச்சிம்பு அவள் மணிக்கட்டைக் கிழித்தது.

பிறகு எங்கோ ஒரு மூலையில் ஒருவர் கைதட்டினார். பக்கத்திலிருந்தவர் தட்டினார். எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

தம்பி அதற்குள் கையை விரித்துவிட்டான். "பார்த்தீங்களா? நேரம் வந்தா மரமே தன்னை விடுவிச்சுக்கும்!"

இவ்வளவு பெரிய மடையர் கூட்டத்தை அக்கா இதுவரை பார்த்ததில்லை. டாக்டர் மட்டும் தட்டவில்லை. வெளுத்த முகத்துடன் கைக்குட்டையை அவள் மணிக்கட்டில் கட்டினார்.

"இதுவும் நிகழ்ச்சியில சேர்த்தியாம்மா?"

"இல்லங்க. இழுத்திருந்தா உங்க முகம்தான் சேர்த்தியாகியிருக்கும்."

வண்டி நிறுத்தும் இடத்தில் அக்கா உடைந்த துண்டோடு காத்திருந்தாள். கடைசி ஆள் வரை கைகுலுக்கிவிட்டுத் தம்பி வந்தான்.

"குறுக்குக் கோடு இருக்குன்னு தெரிஞ்சுமாடா எடுத்துட்டு வந்த?"

"எந்தக் கோடு?"

நடிக்கிறான் என்றுதான் நினைத்தாள். அவன் கட்டைவிரலை இழுத்துத் துண்டின் மேல் வைத்துத் தேய்த்தாள். "இது."

"ஒண்ணும் தெரியலையே."

"இங்கடா. நல்லா தடவு."

அவன் தடவினான். கண்ணை மூடிக்கொண்டு தடவினான். மேடையில் வழியாத வேர்வை இப்போது நெற்றியில் வழிந்தது.

"எனக்கு எப்பவுமே தெரிஞ்சதில்லக்கா. அப்பா இப்படித்தான் என் விரலைப் பிடிச்சு வச்சு, தெரியுதா தெரியுதான்னு கேட்பார். தெரியுதுன்னு சொல்லிட்டேன். அவர் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். அப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

அக்காவுக்கு இரக்கம் வந்திருக்கலாம். எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷமும் சோம்பேறி என்று நினைத்து அவனை வெறுத்தவள் அவள். இனி அந்தக் காரணம் செல்லாது. நல்லவேளை, வேறு காரணங்களுக்கு அவனிடம் பஞ்சமில்லை.

"ஊரெல்லாம் பேசினியே, இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் உனக்கு வாய் இல்லாமப் போச்சா? தொட்டா தெரியலைன்னா வில்லைத் தொடாத. எனக்கு மட்டும் சொல்லியிருந்தா வேற வேலை குடுத்திருப்பேன்ல?"



அடுத்த வாரம் சிலர் பட்டறைக்கு வந்து, வரவேற்பறையில் மாட்ட உடைந்த வில் கிடைக்குமா என்று கேட்டார்கள். தம்பி வாயைத் திறப்பதற்குள் அக்கா கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு அவனை உள்ளே இழுத்து, அம்புகளுக்கு இறகு ஒட்டும் மேடையில் உட்கார வைத்தாள். ஓர் அம்புக்கு மூன்று இறகு. மூன்றும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வந்திருக்க வேண்டும். அதற்கு விரல் வேண்டாம், கண் போதும். முதலில் எல்லாவற்றையும் வலதும் இடதுமாகக் கலந்து ஒட்டினான். அக்கா ஒன்று விடாமல் பிய்த்தெறிந்தாள். சட்டையெல்லாம் பிசின் ஆனது. உச்சிமுடியிலும் ஒட்டிக்கொண்டதால், முடியை வெட்டத்தான் வேண்டியிருந்தது.

மழை ஓய்ந்த ஒரு நாள், பின்முற்றத்தில் வைக்கோல் பொதியை வைத்து அக்கா அம்புகளைச் சோதித்தாள். போனதெல்லாம் நேராகப் போனது. ஒன்று மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. அவள் திட்டுவதற்கு முன்பே தம்பி நடந்துபோய் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஒரு இறகு மாறிப் போச்சு. நான்தான் பார்க்காம ஒட்டிட்டேன்."

"பின்னே, ஒட்டினது பக்கத்து வீட்டுக்காரனா?" என்றாள் அக்கா.

அவன் கத்தியை எடுத்துக்கொண்டு வெயில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, அந்த இறகைத் தண்டிலிருந்து மெல்லச் சீவத் தொடங்கினான். அக்கா அடுத்த அம்பை நாணில் வைத்தாள்.